உதிரி மரபணுவுக்கு வேலை கொடுத்த 18 எழுத்துகள்

குழந்தை வளர்வதை நம் வீடுகளில் மாதக் கணக்கில்தான் பேசுவார்கள். மூன்றாம் மாதம் தலை நிற்கும், ஐந்தாம் மாதம் குப்புற விழும், ஆறேழு மாதத்தில் உட்காரும், எட்டில் தவழும். இதில் ஏதாவது தள்ளிப்போனால், "ஆம்பளப் புள்ளைன்னா கொஞ்சம் மெதுவாத்தான் பண்ணும், அவசரப்படாதே" என்று பெரியவர்கள் தாய்க்குத் தைரியம் சொல்வார்கள். பெரும்பாலான குழந்தைகள் அந்த வார்த்தையைப் பொய்யாக்குவதில்லை. ஆனால் ஒரு நோயில் மட்டும், பொறுத்துப் பார்த்த ஒவ்வொரு வாரமும் திரும்பப் பெற முடியாத இழப்பு.

அந்தக் குழந்தையைப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்தாலே அனுபவமுள்ள குழந்தை மருத்துவருக்குப் பாதி விளங்கிவிடும். தொடைகள் இரண்டும் வெளிப்புறமாக மடிந்து படுக்கையோடு ஒட்டிக் கிடக்கும். மூச்சு இழுக்கும்போது வயிறு மேலெழும், நெஞ்சுக்கூடு உள்வாங்கும். முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் அசையாது. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் ஓரங்களில் மெல்லிய துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். இத்தனைக்கும் நடுவில் கண்கள் அவ்வளவு தெளிவாக இருக்கும். அம்மாவின் முகத்தைத் தேடும், குரல் வந்த பக்கம் பார்க்கும், சிரிக்கும். அறிவுக்கும் உணர்வுக்கும் ஒரு குறையும் இல்லை. உடம்பை அசைக்க மட்டும் முடியவில்லை.

இதற்கு முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு நோய் என்று பெயர். மருத்துவமனைகளில் சுருக்கமாக எஸ்.எம்.ஏ. என்பார்கள். இதன் கடுமையான முதல் வகை பிறந்து ஆறு மாதத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும். சிகிச்சை இல்லாத காலத்தில் இந்தக் குழந்தைகள் ஒருநாளும் தாமாக உட்கார்ந்ததில்லை. பெரும்பாலோர் இரண்டு வயதுக்குள் இறந்துபோனார்கள், அல்லது நிரந்தரமாக வென்டிலேட்டரோடு இருந்தார்கள். 2016 வரை உலகின் எந்த நாட்டிலும் இதற்கு மருந்து கிடையாது. இன்று மூன்று மருந்துகள் இருக்கின்றன. நரம்பு நோய்களில், காரணத்தைத் தேடிப் புறப்பட்ட பயணம் மருந்தில் போய் முடிந்த கதைகள் மிகக் குறைவு. அந்தப் பயணம் எப்படி நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி, பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது. 1891-இல் ஆஸ்திரியாவின் கீடோ வெர்ட்னிக், நாள்பட நாள்படத் தளர்ந்துபோன இரண்டு சகோதரர்களைப் பற்றி எழுதினார். 1893-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் யோஹான் ஹாஃப்மன் இதே நோயை விவரித்தார். பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது இது: தண்டுவடத்தின் முன்பகுதியில், தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்பணுக்கள் அழிந்து போயிருந்தன. தசையில் பிறந்த நோயல்ல இது. கட்டளை வராததால் தசை வேலையற்றுச் சூம்பிப் போகிறது. நரம்பணு ஒருமுறை செத்தால் புதிதாக முளைப்பதில்லை. பின்னால் வரப்போகும் எல்லாப் படிகளையும் இந்த ஓர் உண்மைதான் ஆட்டிவைக்கிறது.

சகோதரர்களுக்கு வருகிறது, பெற்றோர் நலமாக இருக்கிறார்கள் என்றால் அது பெற்றோர் இருவரும் ஆளுக்கு ஒன்றாகச் சுமந்து வந்த பழுதான மரபணுக்கள் பிள்ளையிடம் ஒன்றுசேர்ந்ததன் விளைவு. அப்படிச் சுமப்பவர்கள் இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்தப் பழுதைச் சுமப்பவர் ஏறத்தாழ 40 பேருக்கு ஒருவர். ஒரு நகரப் பேருந்து நிறைய ஆள் இருந்தால் அதில் ஒருவராவது இருக்கக்கூடும். அவருக்கு எந்த அறிகுறியும் இராது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் வலுவாக இருப்பதால், ஒரே முன்னோரிடமிருந்து வந்த பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு இங்கே கூடுதல். ஆனால் சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இது வரும். 40-இல் ஒருவர் என்ற கணக்கே அதற்குப் போதும். "அந்நியத்தில்தானே கட்டினோம், எங்களுக்கு எப்படி?" என்று கேட்டு மனம் உடைந்துபோகும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். யார் மேலும் குற்றம் இல்லை.

இரண்டாவது படி, மரபணுவைப் பிடிப்பது. இதற்கு நூறாண்டு ஆயிற்று. நோய் வந்த குடும்பங்களின் ரத்தத்தைச் சேகரித்து, நோயுற்ற பிள்ளைகளிடம் பொதுவாக இருப்பதும் நலமான பிள்ளைகளிடம் இல்லாததுமான டி.என்.ஏ. பகுதியைத் தேடினார்கள். 1990-இல் நியூயார்க்கிலும் பாரிஸிலும் இருந்த ஆய்வாளர்கள் அந்த இடம் ஐந்தாவது குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கிறது என்று குறுக்கினார்கள். அங்கிருந்து மரபணுவை எட்ட இன்னும் ஐந்து ஆண்டுகள். காரணம், அந்த வட்டாரமே குழப்பமான வட்டாரம், டி.என்.ஏ.வின் ஒரு பெரிய துண்டு தலைகீழாகத் திரும்பி இரட்டிப்பாகி உட்கார்ந்திருக்கிறது. 1995 ஜனவரியில் பாரிஸில் ஜூடித் மெல்கியின் அணி எஸ்.எம்.என். என்ற மரபணுவை 'செல்' ஆய்விதழில் அறிவித்தது. அதே இதழில் கனடாவின் அணியொன்று பக்கத்திலிருந்த வேறொரு மரபணுவைக் காரணமாகச் சொன்னது. வழக்கைத் தீர்த்தது எண்ணிக்கை: நோயாளிகளில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினரிடம் எஸ்.எம்.என்.1 மரபணுவின் ஏழாவது துண்டு இரு பிரதிகளிலுமே காணாமல் போயிருந்தது.

அந்த இரட்டிப்பினால் மனிதனுக்கு இன்னொன்றும் கிடைத்திருந்தது. எஸ்.எம்.என்.1-க்குப் பக்கத்திலேயே ஏறக்குறைய அதன் அச்சு அசலான நகல் ஒன்று இருக்கிறது, பெயர் எஸ்.எம்.என்.2. எலிக்குக் கிடையாது, மனிதனுக்கு உண்டு. சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கை மாறும். நோயாளிகளிடம் இதை எண்ணிப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. இரண்டு நகல் உள்ள குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கடுமையான முதல் வகை. மூன்று இருந்தால் பெரும்பாலும் உட்கார முடிகிற இரண்டாம் வகை. அதற்கு மேலும் இருந்தால் நடந்து பழகிப் பின்னால் தளர்கிற வகை. அப்படியானால் இந்த நகல் ஏதோ கொஞ்சம் வேலை செய்கிறது. முழுதாக ஏன் செய்யவில்லை?

மூன்றாவது படி இதுதான். மொத்தக் கதையிலும் நான் மிகவும் வியக்கும் இடமும் இதுவே. மரபணுவிலிருந்து புரதம் வருவதற்கு முன் ஆர்.என்.ஏ. என்ற பிரதி எடுக்கப்படும். அந்தப் பிரதியில் தேவையான துண்டுகளும் தேவையற்ற துண்டுகளும் கலந்திருக்கும். தேவையானது எக்ஸான், இடையில் வருவது இன்ட்ரான். எடுத்த படச்சுருளிலிருந்து வேண்டாத காட்சிகளை வெட்டிவிட்டு மீதியை ஒட்டும் படத்தொகுப்பாளரின் வேலையை உயிரணு ஒவ்வொரு ஆர்.என்.ஏ.விலும் செய்கிறது. எஸ்.எம்.என்.1-இல் அந்தத் தொகுப்பு ஒழுங்காக நடக்கிறது. எஸ்.எம்.என்.2-இல் ஏழாவது எக்ஸான் பெரும்பாலும் வேண்டாததென்று வெட்டி எறியப்படுகிறது.

ஏன் வெட்டப்படுகிறது என்பதற்கு 1999-இல் விடை வந்தது. இரண்டு மரபணுக்களின் வரிசையையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். ஏழாவது எக்ஸானில் மொத்தம் 54 எழுத்துகள். அதில் ஆறாவது இடத்தில் எஸ்.எம்.என்.1-க்கு சி, எஸ்.எம்.என்.2-க்கு டி. வேறு எதுவும் காரணமில்லை. இந்த மாற்றத்தால் புரதத்தின் கட்டுமானம்கூட மாறுவதில்லை, டி.டி.சி. என்றாலும் டி.டி.டி. என்றாலும் அங்கே வருவது ஃபினைல்அலனின் என்ற அதே அமினோ அமிலம்தான். இப்படிப்பட்ட மாற்றங்களை ஒன்றும் செய்யாதவை என்று அதுவரை ஒதுக்கிவந்தார்கள். ஆனால் வெட்டி ஒட்டும் இயந்திரம் அந்த இடத்தில் பார்ப்பது வேறு அடையாளத்தை. சி இருந்தால் துண்டைச் சேர்க்கிறது, டி இருந்தால் விட்டுவிடுகிறது. விளைவாக எஸ்.எம்.என்.2 தரும் பிரதிகளில் பத்தில் ஒன்றுதான் முழுமையானது. மற்றவற்றிலிருந்து வரும் குட்டைப் புரதம் நிலைக்காமல் சீக்கிரமே சிதைந்துவிடுகிறது.

ஆக, மருந்து தேடியவர்கள் முன் நின்ற கேள்வி சுருங்கிவிட்டது. இல்லாத மரபணுவை எங்கிருந்தோ கொண்டுவரலாம். அது ஒரு வழி. அதைவிட, ஒவ்வொரு நோயாளியின் உடம்பிலும் ஏற்கெனவே இருக்கும் உதிரி மரபணுவை முழு வேலை செய்ய வைக்க முடியுமா? இதில் ஒரு பெரிய வசதி இருந்தது. எஸ்.எம்.என். புரதம் குறைந்தால் உடம்பின் எல்லா அணுக்களையும் விட்டுவிட்டு இயக்க நரம்பணு மட்டும் ஏன் முதலில் சாகிறது என்பது விஞ்ஞானிகளுக்கு இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை. அது பிடிபடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புரதத்தைக் கூட்டினால் போதும்.

நான்காவது படி, அந்த வெட்டைத் தடுப்பது. உருகுவேயில் பிறந்து அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் பணியாற்றிய ஏட்ரியன் கிரெய்னர், ஆர்.என்.ஏ. எப்படி வெட்டி ஒட்டப்படுகிறது என்ற அடிப்படைக் கேள்வியில் ஊறியவர். நோய்க்கு மருந்து தேடி ஆய்வுக்கு வந்தவரல்லர். 1999-இல் இந்த நோய் பற்றிய கூட்டமொன்றுக்கு அழைக்கப்பட்டபோதுதான் தன் அறிவு இங்கே பயன்படும் என்று கண்டார். பின்னர் கலிஃபோர்னியாவின் ஐசிஸ் நிறுவனத்தில், இன்றைய பெயர் அயோனிஸ், ஃபிராங்க் பென்னட்டின் அணியோடு கைகோத்தார். அவர்கள் கையில் எடுத்த கருவி, எதிரிணை ஆர்.என்.ஏ. என்று சொல்லத்தக்க குட்டி இழை. ஆர்.என்.ஏ.வின் எந்த இடத்தை மறைக்க வேண்டுமோ அதற்கு இணையான எழுத்துகளை வரிசையாகக் கோத்துச் செய்தால், அந்த இழை போய் அந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

எந்த இடத்தை மறைப்பது? இதே காலத்தில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இந்தியரான ரவீந்திர சிங்கும் சகாக்களும் முக்கியமான ஒன்றைக் கண்டார்கள். 2006-இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, ஏழாவது எக்ஸானைத் தாண்டியதும் தொடங்கும் இன்ட்ரானில், 15 எழுத்து நீளமுள்ள ஒரு சிறு பகுதி இருக்கிறது. "முன்னாலிருக்கும் துண்டைச் சேர்க்காதே" என்று தடுப்பது அதுதான். தடுக்கும் புரதங்கள் வந்து உட்காருகிற இடம் அது. அங்கே வேறெதுவும் உட்கார முடியாதபடி மறைத்துவிட்டால் தடை விலகும், ஏழாவது எக்ஸான் உள்ளே சேரும். கிரெய்னரின் ஆய்வகத்தில் இமின் ஹுவாவும் மற்றவர்களும் இழையை ஓரிரு எழுத்தாக நகர்த்தி நகர்த்தி, எந்த நிலையில் வேலை சிறப்பாக நடக்கிறது என்று சலிக்காமல் பார்த்தார்கள். கடைசியில் தேறியது 18 எழுத்து நீளமுள்ள ஓர் இழை. பெயர் நுசினர்சென்.

சாதாரண ஆர்.என்.ஏ. இழையை உடம்புக்குள் விட்டால் நொதிகள் உடனே அரித்துத் தின்றுவிடும். அதனால் நுசினர்செனின் ஒவ்வொரு எழுத்தின் சர்க்கரைப் பகுதியிலும் ஒரு வேதிக் குழுவை ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கவசத்தால் இழை நரம்பணுவுக்குள் மாதக்கணக்கில் நிலைக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு எலி வேண்டும். ஆனால் எலிக்கு உதிரி மரபணு இல்லையே. அதன் சொந்த மரபணுவை நீக்கிவிட்டு மனிதரின் எஸ்.எம்.என்.2-ஐப் புகுத்திய எலிகளை 2000-இல் ஒஹையோவிலும் தைவானிலும் உருவாக்கியிருந்தார்கள். அந்த எலிகளில் மருந்து வேலை செய்தது. 2011 டிசம்பரில் முதல்முறையாக ஒரு நோயாளியின் உடலில் செலுத்தப்பட்டது.

ஐந்தாவது படியைப் பற்றி எழுதுவது எளிதல்ல. மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று நிரூபிக்க, மருந்து பெறாத குழந்தைகளும் வேண்டும். கைக்குழந்தைகள் 121 பேர். மூன்றில் இரு பங்கினருக்கு மருந்து, ஒரு பங்கினருக்கு மருந்து போட்டதுபோன்ற பாவனை. குழந்தையைத் தனியறைக்கு எடுத்துப் போய், கீழ்முதுகின் தோலில் ஊசியால் ஒரு சிறு குத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்திரி. எந்தக் குழந்தைக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, அதைக் கண்காணிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. தங்கள் பிள்ளைக்கு மருந்து கிடைக்காமலும் போகலாம் என்று தெரிந்தே அந்தப் பெற்றோர் கையெழுத்திட்டார்கள். அவர்களுக்கு உலகம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை மருந்தின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நினைக்க வேண்டும். 2016-இல் இடைக்கால முடிவு வந்ததும் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி, பாவனைச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கும் மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். இறுதிக் கணக்கில், மருந்து பெற்றவர்களில் 51 விழுக்காட்டினர் தலை நிற்பது, புரள்வது, உட்காருவது போன்ற அசைவுகளில் முன்னேறியிருந்தார்கள். மற்றக் குழுவில் ஒருவர்கூட முன்னேறவில்லை. அதே வேளையில் இன்னொரு எண்ணையும் மறைக்கக் கூடாது: மருந்து பெற்றவர்களிலும் 39 விழுக்காட்டினர் இறந்தார்கள் அல்லது நிரந்தர வென்டிலேட்டருக்குப் போனார்கள், மருந்து பெறாதவர்களில் அது 68 விழுக்காடு. 2016 டிசம்பர் 23 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது.

இந்த மருந்தைச் செலுத்துவது மாத்திரை கொடுப்பது போன்ற காரியமல்ல. ரத்தத்திலிருந்து மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இது போகாது. இடையிலுள்ள தடுப்பு இவ்வளவு பெரிய மூலக்கூறை விடாது. அதனால் தண்டுவட நீரில்தான் நேராகச் சேர்க்க வேண்டும். முன்னதாக ரத்தத் தட்டணுக்களையும் ரத்தம் உறையும் நேரத்தையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்ப்பார்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மருந்துப் புட்டி அறை வெப்பத்துக்கு வரக் காத்திருப்பார்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால் நெஞ்சைத் தொடும்படி செவிலியர் அணைத்துப் பிடித்துக்கொள்வார். கீழ்முதுகில் மரத்துப்போகும் களிம்பு ஏற்கெனவே தடவியிருக்கும். இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே மெல்லிய ஊசி நுழையும். சரியான இடத்தை அடைந்ததும் ஊசியின் வாயில் தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வரும். 5 மில்லிலிட்டர் நீரை வெளியே எடுத்துவிட்டு, 12 மில்லிகிராம் மருந்து கலந்த அதே 5 மில்லிலிட்டரை ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் நிதானமாகச் செலுத்துவார்கள். முதல் மூன்று ஊசிகள் 14 நாள் இடைவெளியில், நான்காவது அடுத்த ஒரு மாதத்தில், பிறகு நான்கு மாதத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்க. முதுகெலும்பு வளைந்துபோன பெரிய பிள்ளைகளுக்கு ஊசி போகும் வழி தேடுவதே பெரும்பாடு.

மற்ற இரு மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்று, காணாமல்போன மரபணுவையே கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஏஏவி9 என்ற, நோய் தராத வைரஸின் கூட்டுக்குள் எஸ்.எம்.என். மரபணுவை வைத்து, ரத்தநாளம் வழியாக ஒரே ஒருமுறை சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். இந்த வைரஸ் மூளைத் தடுப்பைத் தாண்டும் என்று 2009-இல் ஒஹையோவில் கண்டறிந்தார்கள். முதல் ஆய்வில் உயர்ந்த அளவு பெற்ற 12 குழந்தைகளும் உயிரோடிருந்தார்கள், 11 பேர் தாமாக உட்கார்ந்தார்கள், இருவர் நடந்தார்கள். 2019 மேயில் ஒப்புதல். கல்லீரல் பாதிக்கப்படலாம் என்பதால் கூடவே ஸ்டீராய்டு தர வேண்டும். மூன்றாவது ரிஸ்டிப்ளாம், 2020-இல் வந்தது. நுசினர்சென் செய்யும் அதே வேலையைச் செய்யும் சிறு மூலக்கூறு. வாய்வழியாகத் தினமும் ஒருவேளை வீட்டிலேயே கொடுக்கலாம்.

இந்த இடத்தில் பணத்தைப் பேசாமல் தாண்ட முடியாது. ஒருமுறை ஏற்றும் மரபணு மருந்தின் அமெரிக்க விலை 2019-இல் 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர். 2021-இல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 16 கோடி, 18 கோடி என்று கேட்டுக் குழந்தைகளின் படங்கள் ஒவ்வொரு கைப்பேசிக்கும் வந்தன. முன்பின் தெரியாதவர்கள் நூறும் ஐந்நூறுமாகப் போட்டு அந்தத் தொகையைச் சேர்த்தார்கள். அது பெரிய மனம். ஆனால் படம் பரவிய குழந்தைக்கு மருந்து, பரவாத குழந்தைக்கு இல்லை என்பது ஒரு நாட்டின் மருத்துவ ஏற்பாடாக இருக்க முடியாது. அதே ஆண்டு வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்படி ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் உதவி பிறகு 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. வாழ்நாள் மருந்துக்கு அது எத்தனை மாதம் வரும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரிஸ்டிப்ளாம் புட்டி ஒன்றில் 60 மில்லிகிராம். 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு நாளுக்கு 5 மில்லிகிராம். ஒரு புட்டி 12 நாள் வரும், ஆண்டுக்கு ஏறத்தாழ 30 புட்டிகள். புட்டி ஆறு லட்சம் ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1 கோடியே 80 லட்சம். காப்புரிமை குறித்து ரோஷ் நிறுவனத்துக்கும் ஹைதராபாத்தின் நாட்கோவுக்கும் இடையே நடந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. நாட்கோ தன் மருந்தைப் புட்டி 15,900 ரூபாய்க்கு அறிவித்தது. அதே 30 புட்டிகள் இப்போது ஐந்து லட்சத்துக்குள். இன்னும் அதிகம்தான். ஆனால் மாநில அரசின் காப்பீட்டுத் திட்டம் யோசித்துப் பார்க்கக்கூடிய தொகை, மாதச் சம்பளக்காரர் கடன்பட்டாவது எட்ட நினைக்கும் தொகை. ஆய்வகத்தில் நடந்த கண்டுபிடிப்புக்குச் சற்றும் குறையாத படி இது.

கண்டுபிடித்தவர்களின் வழியில் இப்போது மற்ற நரம்பு நோய்களும் நடந்து பார்க்கின்றன. மாற்றிச் செய்த இழைகளைக் கொண்டே ஹண்டிங்டன் நோயில் பெரிய ஆய்வொன்று நடந்தது. 2021 மார்ச்சில் பயனில்லை என்று மருந்து கொடுப்பதை நிறுத்தினார்கள். அங்கே செய்ய வேண்டியது நேர்மாறான வேலை, நஞ்சான புரதத்தைக் குறைப்பது. குறைக்கும்போது நல்ல புரதமும் சேர்ந்து குறைந்தது. உதவிக்கு உதிரி மரபணுவும் இல்லை. பெரியவர்களின் இயக்க நரம்பணுக்களை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோயில், எஸ்.ஓ.டி.1 மரபணுவின் பழுதால் வரும் சிறு பிரிவினருக்கு 2023 ஏப்ரலில் டோஃபர்சென் என்ற இழை ஒப்புதல் பெற்றது. 28 வாரத்தில் நோயாளிகளின் அசைவில் தெளிவான வேறுபாட்டை அது காட்டவில்லை. ஆனால் நரம்பணு சிதையும்போது ரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் நன்றாகக் குறைந்தது. அதனால், மரபணுப் பழுது இருந்தும் நோய் இன்னும் தொடங்காதவர்களிடம், அந்தப் புரதம் ஏற ஆரம்பித்த உடனேயே மருந்தைத் தொடங்கிப் பார்க்கும் ஆய்வு நடக்கிறது. எல்லா வழியும் இங்கேதான் வந்து சேர்கிறது: நரம்பணு சாவதற்கு முன் போய்ச் சேர வேண்டும்.

எஸ்.எம்.ஏ.வில் அதற்கு நேரடிச் சான்று உண்டு. பெரும்பாலும் மூத்த குழந்தைக்கு நோய் இருந்ததால் பிறந்ததுமே பரிசோதிக்கப்பட்டு, அறிகுறி எதுவும் தோன்றும் முன்பே, ஆறு வாரத்துக்குள் நுசினர்சென் தொடங்கப்பட்ட குழந்தைகள் 25 பேர். எல்லோரும் உயிரோடிருந்தார்கள். ஒருவருக்கும் நிரந்தர வென்டிலேட்டர் தேவைப்படவில்லை. 22 பேர் தாமாக நடந்தார்கள். அதே மருந்து, அதே அளவு. முக்கியமாக வேறுபட்டது தொடங்கிய நாள். அதற்கும் முன்னால் போக முடியுமா என்று அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் பார்த்தார்கள். முதல் வகை நோயில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்த தாய், அடுத்த கர்ப்பத்தில் சிசுவுக்கும் நோய் என்று தெரிந்ததும், 32-ஆம் வாரத்திலிருந்து ரிஸ்டிப்ளாமைத் தானே சாப்பிட்டார். பிறந்தபின் குழந்தைக்கு அதைத் தொடர்ந்தார்கள். இரண்டரை வயதில் அந்தக் குழந்தையிடம் நோயின் அடையாளம் எதுவும் தென்படவில்லை என்று 2025-இல் அறிவித்தார்கள். ஒரே ஒரு குழந்தையின் அனுபவம். ஆனால் யாரும் அலட்சியப்படுத்த முடியாத அனுபவம்.

எல்லாக் குழந்தைகளையும் பிறந்த உடனே பிடிக்க ஒரு சொட்டு ரத்தம் போதும். பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலின் ஓரத்தில் சிறு ஊசியால் குத்தி, தடித்த வடிதாள் அட்டையில் அச்சிட்ட வட்டங்கள் நிறையும்படி ரத்தத்தைத் தொடுவார்கள். வட்டம் பின்பக்கமும் நனைய வேண்டும். ஒரு வட்டத்தில் இரண்டு முறை தொடக் கூடாது. வெயில் படாமல் சில மணி நேரம் காயவைத்து, உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம். அங்கே காய்ந்த வட்டத்திலிருந்து ஒரு சிறு துளையளவு எடுத்து, பி.சி.ஆர். முறையில் எஸ்.எம்.என்.1-இன் ஏழாவது எக்ஸான் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் உடனே ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, எம்.எல்.பி.ஏ. பரிசோதனையில் உறுதிசெய்து, உதிரி மரபணு எத்தனை என்று எண்ணுவார்கள். எழுத்து மட்டும் மாறிய சுமார் 5 விழுக்காடு நோயாளிகள் இந்தச் சல்லடையில் தப்பிவிடுவார்கள். அறிகுறி தெரிந்தால் அட்டை முடிவை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. தைவானில் 2014-இல் இதைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் இன்று எல்லா மாநிலங்களிலும் நடக்கிறது. இந்தியாவில் தேசிய அளவில் அப்படியொரு திட்டம் இல்லை. மருந்தின் விலை இறங்கிவிட்ட இப்போது, நம் பிரசவ வார்டுகளில் விடுபட்டு நிற்பது இந்த அட்டைதான்.

அது வரும்வரை குடும்பங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. கைக்குழந்தைக்குத் தலை நிற்கவில்லை, கால் அசைவு குறைகிறது என்றால் மாதம் பார்த்துக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போய், எஸ்.எம்.ஏ. பரிசோதனை வேண்டுமா என்று வாய்விட்டே கேட்கலாம். ஏற்கெனவே இந்த நோயில் ஒரு குழந்தையை இழந்த தம்பதியர் அடுத்த கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்க முடியும். குடும்பத்தில் பெண் கொடுக்கவோ எடுக்கவோ இருப்பவர்களும், குறிப்பாகச் சொந்தத்துக்குள் பேச்சு நடந்தால், ஒரு ரத்தப் பரிசோதனையில் தாங்கள் பழுதைச் சுமக்கிறோமா என்று தெரிந்துகொள்ளலாம். குழந்தையை இழந்த குடும்பத்தில் இந்தப் பரிசோதனைகளுக்கு அடிப்படை, அந்தக் குழந்தைக்கு நோய் எந்தப் பழுதால் வந்தது என்ற மரபணு அறிக்கை. துக்கத்தில் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள். மரபியல் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.